ஏழிசையும் மூவிசையும்

இசை வல்லார்க்கு இளமை தடையன்றென்பது சைவர் குழுவிற்குப் புதிதாகச் சொல்ல வேண்டுவதொன்றன்று. மூன்றாண்டுப் பருவத்திற் சீகாழிக் குளக்கரையில் திருஞானசம்பந்தர் திருவாய் மலர்ந்தருளிய வரலாற்றைச் சேக்கிழார் பெருமான் வாக்கிற் கேட்டு வளர்ந்தது இந்நாடு. அது திருவருளின் செயல். மக்கள் தம் பயிற்சியால் எய்தும் ஆற்றலை அதனோடு வைத்தெண்ணுதல் முறையாகாது. ஆயினும் மக்களுள்ளும் இளமையிலேயே பாட்டியற்றும் ஆற்றல் வாய்ந்தார் சிலர் காலந்தோறும் தோன்றுவர். அவர் திறத்து ஆராய வேண்டுவதொன்றுண்டு. பிள்ளைப் பருவத்திற் பாடியவர், ஆண்டு முதிர முதிர, எவ்வாறு பாடினார்? முன்னர்ப் பாடியதனையே திரும்பப் பாடினாரா? அன்றி வேறொரு நெறி கண்டாரா? ஞானசம்பந்தர் பதினாறாண்டிற் சோதியுட் கலந்தருளினமையின் அவர்பால் இவ்வினா எழுவதற்கிடமில்லை. ஏனையோர்பால் எழும். அவ்வினாவிற்கு விடை காணுதற்கேற்ற வரலாறுடையார் ஒருவர், ஆந்திர நாட்டிற் பிறந்து சென்னையில் வாழ்ந்து மறைந்த மங்களம்பள்ளி பாலமுரளிகிருஷ்ணா ஆவர்.

இவர் 1930ஆம் ஆண்டு சூலைத் திங்கள் 6ஆம் நாள் கிழக்குக் கோதாவரி மாவட்டத்துச் சங்கரகுப்தம் என்னும் ஊரிற் பிறந்தார். தந்தையார் பட்டாபிராமையா குழலிசை வல்லவர். தாயார் சூரியகாந்தம்மா வீணை வல்லவர். தாயார் இவரது குழவிப் பருவத்திலேயே காலஞ்சென்றனர். தந்தையாரே வளர்த்தார். பின்னர்ப் பாருபள்ளி இராமகிருஷ்ணையா பந்துலுவினிடம் இசை பயின்றார். பந்துலு தியாகராசரது மாணவர் வழியில் வந்தவர். தியாகராசரின் மாணவர் மானம்புச்சாவடி வேங்கடசுப்பையர். அவர் மாணவருள் ஒருவர் சுசர்ல தட்சிணாமூர்த்தி சாத்திரியார். அவர் மாணவர் பந்துலு. எனவே திருவையாற்றிற் காவிரிக் கரையில் எழுந்த இசையே கிருஷ்ணை நதிக் கரையில் இச்சிறுவர்க்கு வாய்த்ததென்க. எட்டாண்டுப் பருவத்தில் விசயவாடையில் நிகழ்ந்த தியாகராசர் ஆராதனையில் முழுக் கச்சேரியொன்று செய்தார். இவரது பிள்ளைத்திருநாமம் முரளிகிருஷ்ணா என்பதே. அரிகதை நிகழ்த்துவாராகிய முசுனூரி சூரியநாராயணமூர்த்தி பாகவதர் இவரது இளமைத் திறம் கண்டு வியந்து 'பால' என்னும் அடையை முன்னர்ச் சேர்த்தனர். அவ்வடை எண்பத்தாறாண்டு வாழ்ந்த பின்னும் அவரை விட்டு நீங்கவில்லை.

பதினைந்து வயதிற்குள் இவர் செய்து முடித்த செயல், 72 மேளகர்த்தா இராகங்களிலும் கீர்த்தனம் இயற்றியதாகும். இதன் அருமை விளங்க வேண்டுமாயின் மேளம் என்பது யாதென உணர்தல் வேண்டும். ஏழு சுரங்களுள் சட்சமும் பஞ்சமமும் மாறாதன. மத்திமம் இருவகைப்படும். ரிடபமும் காந்தாரமும் கூடி ஆறு வகையாகவும், தைவதமும் நிடாதமும் கூடி ஆறு வகையாகவும் அமையும். ஆறினை ஆறாற் பெருக்கி, அதனை இரண்டாற் பெருக்க 72 ஆகும். தஞ்சை நாட்டு வேங்கடமகி 17ஆம் நூற்றாண்டில் இக்கணக்கினை வகுத்தார். ஆறாறு மேளங்களாகப் பன்னிரண்டு சக்கரங்கள் உள. அவற்றுட் பதினோராவது, உருத்திரர் பதினொருவராதல் பற்றி உருத்திர சக்கரம் எனப் பெயர் பெற்றது. கனகாங்கி முதலாக இரசிகப்பிரியா ஈறாக நிற்கும் பெயர்வரிசை பிற்காலத்தார் அமைத்தது.

கணக்கு எளிது, பாடுதல் எளிதன்று. இவ்வெழுபத்திரண்டனுள் 40 மேளங்கள் விவாதி மேளங்கள் எனப்படுவன. ஒன்றற்கொன்று மிக அணுகிய சுரங்கள் அடுத்தடுத்து நிற்றலால், அவை செவிக்கு இன்னாதன என்றும், பாடுவார்க்குத் தீங்கு பயப்பன என்றும் முன்னோர் சிலர் அஞ்சி விலக்கினர். அவற்றை விலக்காது எழுபத்திரண்டினையும் ஆண்டவர் மிகச் சிலரே. அவருள் இருவரைச் சைவவுலகம் நன்கறியும். ஒருவர் வையைச்சேரி மகா வைத்தியநாதையர் (1844–1893). இவர் தமது பன்னிரண்டாம் வயதிற் கல்லிடைக்குறிச்சியில், திருவாவடுதுறை ஆதீனத்துச் சுப்பிரமணிய தேசிகர் முன்னிலையில், 'மகா' என்னும் பட்டம் பெற்றவர். பின்னாளில் திருவையாற்று இறைவராகிய பிரணதார்த்திகரர் மீது 72 மேளங்களும் அடங்கிய இராகமாலிகையொன்றற்கு இசையமைத்தார். இவரும் மானம்புச்சாவடி வேங்கடசுப்பையரின் மாணவரே என்பது கருதத்தக்கது. மற்றொருவர் கோடீசுவரையர். இவர் 20ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் முருகப்பெருமான் மீது 72 மேளங்களிலும் தனித்தனியே தமிழ்க் கீர்த்தனம் பாடிக் 'கந்த கானாமுதம்' என்னும் பெயரால் வழங்கினார். இவ்விருவரும் நிறைந்த புலமைப் பருவத்திற் செய்த செயலைப் பதினைந்து நிரம்பாத சிறுவரொருவர் செய்தனர் என்பதே பாலமுரளியாரின் இளமை வரலாற்றிற் சிறந்த செய்தி.

அக்கீர்த்தனங்கள் 1952ஆம் ஆண்டு 'சனகராக மஞ்சரி' என்னும் பெயரால் நூலாயின. அப்போது அவர்க்கு வயது இருபத்திரண்டு. பின்னர்ச் சங்கீதா நிறுவனத்தார் அவற்றை 'இராகாங்க ராவளி' என்னும் பெயரால் ஒன்பது தொகுதிகளாக ஒலிப்பதிவு செய்து வெளியிட்டனர். ஆதலின் இப்பதிவுகளைக் கேட்பார், இளைஞர் புனைந்த பாட்டினை முதிர்ந்த குரலிற் கேட்கின்றனர். பாட்டின் யாப்பு சிறுவருடையது. பாடும் நிதானம் பெரியவருடையது. இவ்விரண்டையும் பகுத்துக் கேட்டல் ஆராய்ச்சியாளர்க்குப் பெரும்பயன் தரும்.

அவ்விளமைப் பாடல்களின் இயல்பு யாதெனின், நிறைவு என்பதாம். முன்னோர் வகுத்த வீடுகள் எழுபத்திரண்டு. ஒவ்வொரு வீட்டிலும் ஏழு சுரங்கள். சிறுவர் எவ்வீட்டையும் வெறுவீடாக விடவில்லை, எச்சுரத்தையும் நீக்கவில்லை. வழக்கிலுள்ள இராகத்தைப் பாடுவார்க்கு முன்னோர் கீர்த்தனங்கள் வழிகாட்டியாக நிற்கும். வழக்கொழிந்த மேளத்தைப் பாடுவார்க்கு அத்துணையில்லை. சுரவரிசையொன்றே கையிலிருப்பது. அதனின்று இராகத்தின் உருவத்தைத் தாமே காணல் வேண்டும். எனவே இப்பயிற்சி, கற்றதனை ஒப்பித்தலாக நில்லாது, எலும்பினைக் கண்டு உடம்பினை உய்த்துணர்தலாக அமைந்தது. பின்னாளில் அவர் செய்த புதுமைகட்கு வித்து இங்கேயே ஊன்றப்பட்டதென்று கொள்ளுதல் பொருத்தமுடைத்து.

பின்னாளிற் செய்த புதுமையோ இதற்கு முற்றும் மறுதலையாய் நின்றது. ஏழு சுரத்தையும் நிரப்பியவர் சுரங்களை ஒவ்வொன்றாக நீக்கத் தொடங்கினார். மகதி, இலவங்கி, சித்தி, சுமுகம் என்னும் நான்கு இராகங்களும் நான்கே சுரங்களால் ஆயின. சர்வசிரீ, ஓங்காரி, கணபதி என்னும் மூன்றும் மூன்றே சுரங்களால் ஆயின. சட்சம், காந்தாரம், பஞ்சமம், நிடாதம் என்பன மகதிக்குரியன. மகதியென்பது நாரதர் கையிலுள்ள யாழின் பெயராகும். சட்சம், ரிடபம், மத்திமம், தைவதம் என்பன இலவங்கிக்குரியன. இதன்கண் பஞ்சமமும் இல்லை. சுருதிக்குத் துணையாக நிற்கும் பஞ்சமத்தையும் விடுத்து, நான்கு சுரங்களால் ஓரிராகத்தின் உருவம் கேட்போர் நெஞ்சிற் பதியுமாறு பாடுதல் எளிய செயலன்று. சுரங்கள் பல உளவாயின், ஒன்றன் குறையை மற்றொன்று மறைக்கும். மூன்றும் நான்குமாயின் மறைவிடமே இல்லை. ஒவ்வொரு சுரமும் தன் முழு நிலையில் நின்று ஒலித்தல் வேண்டும். அசைவும் நிறுத்தமும் வன்மை மென்மைகளும் பொருள் பயத்தல் வேண்டும்.

இவ்வாறு செய்தல் நூல்வழக்கிற்கு முரணாகும் என்பார் பலர் இருந்தனர். அவர் கூற்றிற்கு ஆதாரம் இல்லாமலில்லை. மேளத்தினின்று பிறக்கும் இராகங்களைக் கணக்கிடும் முறையை நோக்குக. ஏறுவரிசை ஏழு சுரத்தாயின் ஒரு வகை, ஆறாயின் ஆறு வகை, ஐந்தாயின் பதினைந்து வகை, ஆக 22. இறங்குவரிசையும் அவ்வாறே 22. இரண்டனையும் உறழ 484. அவற்றுள் மேளமாகிய ஒன்றனைக் கழிப்ப 483. எழுபத்திரண்டு மேளங்கட்கும் 34,776. இப்பெருங்கணக்கும் ஐந்து சுரத்தோடு நின்றுவிடுகின்றது. நான்கிற்கு அதில் இடமில்லை. இன்னும் முற்பட்ட நூலாகிய மதங்கரின் 'பிருகத்தேசி', நான்கு சுரமும் அதனிற் குறைந்தனவும் மார்க்க இசையாகா என்றும், சபரர் புளிந்தர் முதலிய காட்டுவாழ்நர் வழங்குவன என்றும் ஒதுக்குகின்றது. சபரர் என்பார் வேட்டுவர். வேட்டுவர் இசையென்று சாத்திரம் ஒதுக்கியதனைச் சைவர் அத்துணை எளிதில் ஒதுக்கவொண்ணாது. காளத்தியில் ஆகமம் அறியாத வேடர் ஒருவர் வாயிலேந்திய நீரினையும் ஊனினையும் இறைவன் எங்ஙனம் ஏற்றருளினன் என்பதை அறிந்தவர், ஒரு பொருளின் உயர்வு அதனை வழங்குவாரது குடியால் அமைவதன்றென உணர்வர்.

இனித் தமிழிசை நூல்கள் இதுபற்றிக் கூறுவதென்னை என ஆராய்வோர்க்கு ஓர் இனிய செய்தி கிடைக்கும். தமிழர் சுரத்தை நரம்பு என வழங்கினர். ஏழு நரம்புடையது பண், ஆறுடையது பண்ணியல், ஐந்துடையது திறம், நான்குடையது திறத்திறம். பழைய நிகண்டுகள் இந்நால்வகைக்கும் உரியனவாக நூற்றுமூன்று பண்களை எண்ணுகின்றன. ஆகவே நான்கு நரம்பால் இயன்ற இசை, வடநூலார் வாயிலில் நிறுத்திவைத்ததொன்றாயினும், தமிழ்நூலாரால் தனிப்பெயர் கொடுத்து அகத்தே இருத்தப்பட்டதாகும். பாலமுரளியார் திறத்திறத்தைத் தேடிக் கண்டு செய்தனர் என்று கூறுதற்கில்லை. தம் இசையுணர்வொன்றே வழியாக அவர் சென்று சேர்ந்த இடத்தில், பல நூற்றாண்டுகட்கு முன்னரே தமிழர் ஒரு பெயரை எழுதி வைத்திருந்தனர் என்பதே ஈண்டுக் கருதற்பாலது. மூன்று நரம்பிசைக்கோ தமிழ்நூலிலும் இந்நால்வகையுட் பெயரில்லை. ஆயினும் வேதம் ஓதுவார் உதாத்தம், அநுதாத்தம், சுவரிதம் என்னும் மூன்று ஒலிநிலைகளிலேயே இருக்கு மந்திரங்களை ஓதி வருதலை யாவரும் அறிவர். அளவிற் குறைந்த சுரங்கள் பொருளிற் குறைந்தன ஆகா என்பதற்கு அவ்வோத்தே சான்றாம்.

தாளத்திலும் இவர் புதுவழி கண்டார். ஒலியெழச் செய்யும் தாளச் செய்கைகளையும் நடை வேறுபாட்டினையும் இயைத்துத் திரிமுகி, பஞ்சமுகி, சப்தமுகி, நவமுகி என்னும் தாளங்களை வகுத்தார். மூன்று, ஐந்து, ஏழு, ஒன்பது என்னும் எண்ணலகுகள் பயின்று நடக்கும் நடையைத் தமிழர் முன்னரே சுவைத்திருக்கின்றனர். அருணகிரிநாதர் திருப்புகழிற் காணும் சந்த வேறுபாடுகள் அத்தகையன. அருணகிரியாரிடத்துச் சொல்லின் ஓட்டமாக நின்றதனைப் பாலமுரளியார் தாளத்தின் அங்கமாக வரையறை செய்தனர் என்னலாம்.

இனி, இப்புதுமை பற்றி எழுந்த வழக்கினை ஆராய்தல் வேண்டும். பாலமுரளியார் தாம் இவ்விராகங்களை ஆக்கியதாகக் கூறியதனை, வீணை எஸ். பாலசந்தர் உடன்படாது வன்மையாக மறுத்தார். அவரும் சிறுவயதிலேயே இசையரங்கேறிய பேராற்றலினர். சுரங்கள் முன்னரே உள்ளன. அவற்றைக் கூட்டியும் குறைத்தும் பெறும் வரிசைகளும் கணக்கில் அடங்கியனவே. அங்ஙனமாக ஒருவர் 'ஆக்கினேன்' என்றல் எவ்வாறு பொருந்தும் என்பது மறுப்பார் கருத்தின் சாரம். சுரவரிசை இராகமாகாது, அதற்கு உயிர் கொடுத்துப் பாடியவரே அதற்குரியர் என்பது மற்றைக் கட்சியார் கருத்து. சென்னை இசையுலகம் இது பற்றி இருகூறாய் நின்றது.

இவ்வழக்கினைத் தீர்த்தற்குச் சைவசித்தாந்தம் ஒரு கருவி தருகின்றது. உள்ளது போகாது, இல்லது வாராது என்னும் சற்காரியவாதம் சித்தாந்திகட்கு உடன்பாடு. குடம் மண்ணின்கண் முன்னரே சூக்குமமாய் உள்ளது. குயவன் அதனைத் தூலமாக வெளிப்படுத்துகின்றான். மண் முதற்காரணம், தண்ட சக்கரங்கள் துணைக்காரணம், குயவன் நிமித்தகாரணம். இராகத்திற்கும் இஃதொக்கும். சுரங்கள் முதற்காரணம், குரலும் தம்புருவும் துணைக்காரணம், பாடகர் நிமித்தகாரணம். ஆதலின் 'முன்னரே உள்ளது' என்றவர் முதற்காரணத்தை நோக்கி உண்மை கூறினர். 'அவரால் வந்தது' என்றவர் நிமித்தகாரணத்தை நோக்கி உண்மை கூறினர். மண்ணிற் குடம் உண்டென்பது பற்றிக் குயவன் வேண்டா என்றலும், குயவன் வனைந்தமை பற்றி மண்ணையும் அவனே படைத்தான் என்றலும் ஒப்பக் குற்றமாம். பிறர் நுழையாது விட்ட வரிசையொன்றில் நுழைந்து, அதனைப் பாட்டாக்கிப் பலர் செவிக்குப் புலனாக்கிய தொழில் பாலமுரளியாருடையது. அத்தொழிற்குரிய புகழை அவர்க்கு மறுத்தல் அறமன்று. அப்புகழுக்கு மேலும் ஒன்று வேண்டின் அதுவே மறுக்கத்தக்கது.

இவ்விடத்து 1965ஆம் ஆண்டு வெளிவந்த 'திருவிளையாடல்' திரைப்படம் நினைவிற்கு வருதல் இயல்பு. பரஞ்சோதி முனிவர் அருளிய புராணத்து விறகு விற்ற படலத்துள், வடநாட்டினின்று வந்த ஏமநாதன் என்னும் இசைவாணன் தன் இசைப்பெருமையாற் செருக்குற்று மதுரையை அறைகூவுகின்றான். பாணபத்திரர் பொருட்டுச் சோமசுந்தரக் கடவுள் விறகாளாய் எழுந்தருளிச் சாதாரிப் பண்பாடி அவன் செருக்கை அடக்கியருளுகின்றார். படத்தில் ஏமநாதனாகத் தோன்றிய டி. எஸ். பாலையாவிற்குக் குரல் கொடுத்தவர் பாலமுரளியாரே. பாடல் இயற்றியவர் கண்ணதாசன், இசையமைத்தவர் கே. வி. மகாதேவன். இராகப் பெயர்கள் பலவற்றை எடுத்தோதி, அவ்வவ் விராகத்திலேயே நடந்து, புலமையின் பெருமிதம் முழுவதும் தோன்றுமாறு அமைந்தது அப்பாட்டு. எத்தனை இராகங்கள் எனக் கைவயம் என்று எண்ணிக்காட்டும் இசை அது. புராணமோ, எண்ணிக்கையால் வரும் பெருமிதத்தினும், ஒரு பண்ணிற் கரைந்து நிற்றல் மேலானதென்பதை உணர்த்துகின்றது. விறகாள் பாடியது பல பண்ணன்று, சாதாரியொன்றே.

இளமையில் 72 மேளங்களையும் எண்ணி நிரப்பிய கலைஞர், பின்னர் மூன்று சுரத்தில் நிற்கக் கற்றமையை இப்புராணக் கருத்தோடு வைத்து நோக்கின், அவர்தம் இசை மாறிய வகை இனிது விளங்கும். ஆயின் ஒன்று கூறல் வேண்டும். சுரம் குறைந்தமையாலேயே ஒருவர்பால் செருக்கும் குறைந்ததென முடிவு கட்டலாகாது. குறைத்துக் காட்டுதலும் ஒருவகை அருந்திறற் காட்சியாகலாம் என்று அவரை மறுத்தோர் கருதினர். அவ்வையப்பாடு முற்றும் புறக்கணிக்கத்தக்கதன்று. அதற்கு விடை சுரவரிசையில் இல்லை, பாட்டில் உள்ளது. அந்நான்கு சுரத்தையும் கேட்டவழி, கேட்போன் உள்ளம் பாடுவானது திறமையிற் சென்று நிற்குமாயின் அஃது ஏமநாதன் இசை. பாடப்பட்ட பொருளிற் சென்று ஒடுங்குமாயின் அது விறகாள் இசையின் வழிப்பட்டது. இவ்வளவுகோல் பாலமுரளியார்க்கு மட்டுமன்று. இசைபாடுவார் அனைவர்க்கும் உரியது.

தெலுங்கு, வடமொழி, கன்னடம், தமிழ் முதலிய மொழிகளில் நானூற்றின் மேற்பட்ட பாடல்களை இவர் இயற்றினார். வருணம், கீர்த்தனம், சாவளி, தில்லானா எனப் பலவகையும் அவற்றுள் உள. 1978ஆம் ஆண்டு சென்னைச் சங்கீத வித்வத் சபையார் சங்கீத கலாநிதி பட்டமும், 1991ஆம் ஆண்டு இந்திய அரசினர் பத்ம விபூசணும் வழங்கினர். 2016ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 22ஆம் நாள் சென்னையிற் காலமானார்.

இவர் வரலாறு பண்ணாராய்ச்சி செய்யும் சைவர்க்கு விடுத்துச் செல்லும் பணியொன்றுண்டு. நூற்றுமூன்று பண்களைப் பெயரளவில் எண்ணுதல் எளிதாயிற்று. திறத்திறங்கள் பாடப்பட்ட முறை மறைந்தது. நான்கு நரம்பால் நெஞ்சுருகப் பாடவியலுமோ என்னும் ஐயம் இனி எழுதற்கில்லை. இயலுமென ஒருவர் அரங்கிற் பாடிக்காட்டியுள்ளார், ஒலிப்பதிவுகளும் நிற்கின்றன. ஓதுவாமூர்த்திகளும் இசைநூல் வல்லாரும் ஒருங்கிருந்து, நிகண்டின் வாய்பாட்டையும் இப்பதிவுகளையும் ஒப்புநோக்கி, குறைந்த நரம்புடைய திறங்களை மீளப் பாடிப் பார்ப்பாராயின், திருமுறைப் பண்ணிசை ஆராய்ச்சிக்கு அஃதொரு புதுவாயிலாகும். வாயிலைத் திறத்தல் ஆராய்வார் கடன். உள்ளே ஒலிக்கும் இசையை அருளுதல் ஆலவாய் அண்ணல் திருவருள்.